என் பெயரில் நின்ற பாட்டு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் நான் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் பார்த்தீர்களா, பார்த்தவர் உங்களுக்குச் சொன்னாரா?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் ஒன்பது வருடம் நிருபராக இருந்தவன். கிணற்றடியில் வெள்ளை உருவம் கண்டோம், சுடலையில் குரல் கேட்டோம் என்று வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியருக்குக் காட்டாமலே குப்பைக்கூடையில் போட்டவனும் நானே. ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டும் நடந்த ஒழுங்கில் சொல்கிறேன். விளக்கம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

கனடா வந்து சில வருடங்கள் கழித்து, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோடையில் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டடத்துக்குக் குடி வந்தேன். பகலில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வேலை, சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி திருத்தும் வேலை. மூன்று மாடி மேலே வதனி என்ற பெண் தன் தமக்கை குடும்பத்தோடு இருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய கணவன் சிவபாலன் முந்தின வருடம் கனடாவுக்கு வரும் வழியில் காணாமல் போயிருந்தான்.

ஓர் ஏஜென்ட் எட்டுப் பேரைச் சேர்த்து, கென்யாவில் நைரோபி வழியாகக் கூட்டி வந்தான். ஏழு பேர் ரொறன்ரோ வந்து சேர்ந்தார்கள். சிவபாலனை நைரோபி விமான நிலையத்தில் பொலிஸ் பிடித்துவிட்டது என்று ஏழு பேரும் வதனியிடம் சொன்னார்கள். அவர்களில் தேவன் என்பவன் ஒரு படத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். எட்டு ஆண்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மாடு மேய்க்கும் மாசாய் இனத்தாரின் கிராமம் ஒன்றில், கழுத்து நிறைய மணிவளையம் அணிந்த பெண்களுக்கு நடுவில் நிற்கும் படம். உல்லாசப் பயணிகள் என்று சொல்லி விசா எடுத்தவர்கள், உல்லாசப் பயணிகள்போல ஓரிடமாவது சுற்றிப் பார்த்த படம் கையில் இருந்தால் நல்லது என்று ஏஜென்ட் ஒருநாள் வான் பிடித்துக் கூட்டிப்போனானாம். படத்தின் ஓரத்தில் நின்ற சிவபாலன் மட்டும் கமராவைப் பார்க்கவில்லை.

பழைய நிருபர் புத்தி விடவில்லை, நான் அந்த ஏழு பேரில் நான்கு பேரைத் தேடிப்பிடித்துக் கதைத்தேன். நான்கு பேரும் ஒரே வசனத்தை, ஒரே சொற்களில், ஒரே ஒழுங்கில் சொன்னார்கள். உண்மையில் நடந்ததைச் சொல்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருவன் மணியை மாற்றிச் சொல்வான், ஒருவன் சட்டை நிறத்தை மறப்பான். தேவனை மட்டும் மறுபடி போய்ப் பிடித்தேன். மிசிசாகாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தான். வேலை முடிந்து வந்தவனை ஒரு டோனட் கடையில் இருத்தி, "பிடிபட்டதை நீர் கண்ணால கண்டனீரோ?" என்று கேட்டேன்.

கோப்பியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினான். பிறகு சொன்னான்.

"ஒருத்தரும் பிடிபடேல்லை அண்ணை. அவனுக்கு அந்தக் கிராமத்திலயே காய்ச்சல் உச்சிக்கு ஏறி விழுந்திட்டான். அண்டைக்கு எங்களுக்கு பிளைட். காய்ச்சல்காரனோட போனால் எட்டுப் பேரும் மாட்டுவியள் எண்டு ஏஜென்ட் கத்தினான். ஒரு மனுசியின்ர வீட்டில கிடத்திப்போட்டு வந்திட்டம். காரொண்டு அனுப்புறன் எண்டவன். அனுப்பினானோ தெரியாது."

"ஏன் வதனிக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? உங்கட மனுசனை மாட்டுத்தோலுக்கு மேல விட்டுட்டு வந்தனாங்கள் எண்டோ?"

அவன் இன்னொன்றும் சொன்னான். சிவபாலனின் கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் டேவிட். வழி முழுக்க அவனை அவர்களும் டேவிட் என்றே கூப்பிட்டார்கள்.

வதனியிடம் இதை நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. தேவனைத் திட்டவும் இல்லை. சட்டிக்குள் கிடந்த கத்தரிக்காயைப் பிரட்டியபடியே சொன்னாள்.

"இருக்கிறார் எண்டால் எத்தினை வருசமும் காத்திருப்பன் அண்ணை. இல்லையெண்டால் செய்யவேண்டியதைச் செய்துபோட்டு என்ர பாட்டைப் பாப்பன். ரெண்டும் இல்லாமல் ஒரு மனுசி எப்பிடி இருக்கிறது? உங்களிட்டப் பாஸ்போர்ட் இருக்கு. உங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரியும். ஒருக்கா போய்ப் பாத்துக்கொண்டு வாறியளோ?"

அந்த மாதம்தான் எனக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்திருந்தது. பெண்சாதி பிள்ளை என்று கேட்க ஆள் இல்லாதவன். போனேன்.

தொண்ணூற்று நான்கு மாசி மாதம். நைரோபியில் இருந்து ஒருநாள் சுற்றுலா வான். சாரதியைத் தவிர ஆறு பேர்: ஒரு ஜேர்மன் கணவன் மனைவி, இரண்டு அவுஸ்திரேலியத் தாதிமார், ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர், நான். படத்தைச் சாரதியிடம் காட்டி, பின்னால் தெரியும் மலையின் வளைவை வைத்து அந்தக் கிராமம்தான் என்று முதல்நாளே உறுதி செய்திருந்தேன். பதினொன்று பத்துக்குப் போய் இறங்கினோம். நேரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன், அது பழக்கம்.

முள்ளுக் கொப்புகளை வட்டமாகக் குவித்த வேலி. அதற்குள் சாணமும் மண்ணும் பூசிய தாழ்ந்த வீடுகள், ஒரு மனிதனின் மார்பளவு உயரம். நடுவில் மாடு கட்டும் வெளி. சிவப்புப் போர்வை போர்த்த, ஆறடிக்கு மேல் உயரமான இளைஞன் ஒருவன் ஆங்கிலத்தில் வரவேற்றான். சாமுவேல் என்று பெயர். ஒரு வருடத்துக்கு முன்புதான் பட்டணத்துப் பள்ளிக்கூடம் முடித்துத் திரும்பி வந்தவனாம். காலில் கார் டயரை வெட்டிச் செய்த செருப்பு, கையில் பிளாஸ்டிக் மணிக்கூடு.

பெண்கள் பதினான்கு பேர் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுத் தொடங்கினார்கள். வந்தவர் ஒவ்வொருவருடைய பெயரையும் சாமுவேல் கேட்டு உரக்கச் சொல்வான். அவர்கள் தோளை ஒரு வெட்டு வெட்டி, கழுத்து வளையங்கள் கிலுங்க, அந்தப் பெயரைப் பாட்டுக்குள் இழுத்துப் பாடுவார்கள். ஜேர்மன்காரரின் பெயரை அவர்கள் பாடியதைக் கேட்டு அவருடைய மனைவி கண்ணீர் வரச் சிரித்தார். ஆங்கிலேயரும் ஆயிற்று. கடைசியாக என் முறை.

"பாஸ்கரன்," என்றேன்.

சாமுவேல் அதை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது பெண்களுக்குக் கேட்டுவிட்டது. பாட்டு நின்றது. மெல்லக் குறைந்து நிற்கவில்லை, வானொலியை அணைத்ததுபோல நின்றது. முன்னால் நின்ற வயதான பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"உங்களுக்கு வேறு பெயர் இருக்கிறதா?" என்று சாமுவேல் கேட்டான்.

"இவர் பாடகர்களிடம் கடன் வைத்தவர்போல," என்றார் ஆங்கிலேயர். யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கந்தையா. உடனே பாட்டு விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது. கந்தையா, கந்தையா என்று பதினான்கு பெண்கள் குதித்துக் குதித்துப் பாடினார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய மொழியில் என் பெயர் ஏதோ கூடாத சொல்லாக ஒலித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்று சாமுவேல் பிறகு சொன்னான்.

நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன். அங்கே சிறுவர்கள் பெரியவர்களைக் கண்டால் தலையைக் குனிந்து நீட்டுவார்கள், பெரியவர் உச்சியில் கைவைக்க வேண்டும், அதுதான் வணக்கம். ஐந்து வெள்ளைக்காரர்களிடமும் ஓடி ஓடித் தலையைக் குனிந்தவர்கள் என்னிடம் வரவில்லை. ஒரு குழந்தை தள்ளாடி வந்தது. தாய் ஓடிவந்து சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

படத்தைக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டுக் கதைத்தார்கள். சிவபாலனின் முகத்தில் விரலை வைத்து "டேவிட், டேவிட்" என்றார்கள். வாயை மூடிய அந்த வயதான பெண்ணும் சொன்னாள். அவளுடைய வீட்டில்தான் அவன் கிடந்தானாம். காய்ச்சல் போய் எலும்பாக எழும்பி, நடக்கப் பழகி, ஒரு வருடத்துக்கு முன், மழைக்கு முந்தி, மாட்டு வியாபாரிகளோடு பெரிய தெருவுக்கு நடந்து போய்விட்டானாம்.

"உயிரோடா?" என்றேன்.

"உயிரோடு நடந்து போனான்," என்றான் சாமுவேல்.

மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் இரண்டு வியாபாரிகள் என்றார், ஒருவர் நான்கு என்றார். இந்த முறை எனக்கு அது பிடித்திருந்தது. எழுதிக்கொண்டேன். ஆனால் அவ்வளவு நேரமும் அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், சாமுவேலைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவளுடைய வீட்டுக்குள் குனிந்து போனோம். உள்ளே நடுமத்தியானத்திலும் இருட்டு. கைப்பிடி அளவில் ஒரு துவாரம், அதற்குள்ளால் வந்த வெளிச்சம் புகையில் கம்பிபோல நின்றது. மூலையில் ஒரு கன்றுக்குட்டி. தடிகளின் மேல் மாட்டுத்தோல் விரித்த படுக்கையைக் காட்டி "டேவிட்" என்றாள். பிறகு அடுப்புக்கு மற்றப் பக்கம் வெறும் நிலத்தைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினாள். சாமுவேல் ஒரே சொல்லில் அவளை நிறுத்தினான். என்ன சொன்னாள் என்று கேட்டேன். வீடு கட்டுவதைப் பற்றி என்றான். பொய் சொல்லிப் பழகாதவன், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது முள்வேலிக்கு வெளியே, பாதையோரம், முழங்கால் உயரத்தில் ஒரு கற்குவியல். சாமுவேல் குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தான். இங்கே ஒருவர் கிடக்கிறார், கடந்து போகிறவர்கள் ஒரு கல் வைப்போம் என்றான். தாதிமார் வைத்தார்கள். ஆங்கிலேயர் தொப்பியைக் கழற்றிவிட்டு வைத்தார். நானும் ஒரு கல்லை எடுத்தேன். சாமுவேல் என் மணிக்கட்டைப் பிடித்தான். அன்று முழுவதும் அந்தக் கிராமத்தில் என்னைத் தொட்டவன் அவன் ஒருவன்தான்.

"நீங்கள் வைக்க வேண்டாம்," என்றான்.

மற்றவர்கள் வானில் ஏறியபிறகு அவனை மறித்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். எங்களிடம் ஒருவர் இறந்தால் அவருடைய பெயரைப் பிறகு வாயால் சொல்ல மாட்டோம், வீட்டில் அதே பெயரில் வேறு யாரும் இருந்தால் அவருக்குப் பெயர் மாற்றிவிடுவோம், உங்களுடைய பெயரில் ஒருவர் இங்கே இறந்தார், அதனால் பெண்களால் அதைப் பாட முடியாது.

"யார் அவர்?"

"ஒரு விருந்தாளி. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். நான் பார்க்கவில்லை."

"எந்த ஊர்க்காரர்?"

"டேவிட்டின் ஊர்," என்றான். அதற்கு மேல் கேட்பதற்குள் சாரதி ஹோர்ன் அடித்தான்.

நைரோபி வரைக்கும் மூன்று மணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பாஸ்கரன் என்ற பெயர் எங்களுக்குள் தெருவுக்கு ஒன்று. எத்தனையோ ஏஜென்டுகள் எத்தனையோ பேரை அந்த வழியால் கொண்டுவந்திருப்பார்கள். அதில் ஒரு பாஸ்கரன் செத்திருக்கலாம், அதில் அதிசயம் இல்லை. எனக்கு வந்த பயம் வேறு. கள்ளப் பெயரில் வந்தவன் இன்னொரு கள்ளப் பெயரும் சொல்லியிருக்கலாம் அல்லவா? கற்களுக்குக் கீழே கிடப்பது சிவபாலனாக இருந்தால்? மூன்று பேர் சொன்னார்கள்தான். ஆனால் விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று மூன்று பேர் பொய் சொல்வது ஒன்றும் புதிதல்ல.

வெக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பி வந்து வதனிக்கு அறிக்கை கொடுத்தேன். டேவிட் நடந்து போனான் என்று மூன்று சாட்சிகள் சொன்னதைச் சொன்னேன். கற்களைப் பற்றிச் சொல்லவில்லை. அரைச் செய்தி கொடுப்பது பொய் சொல்வதுபோல என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபிறகு மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

பதினான்கு மாதம் அவள் காத்திருந்தாள். தமக்கை வேறு கலியாணம் பேசினாள், தூரத்து உறவில் ஒரு நல்ல பிள்ளை. "பாஸ்கரன் அண்ணை போய் விசாரிச்சுக்கொண்டு வந்தவர்," என்று வதனி மறுத்துவிட்டாள். அந்த வார்த்தை என் காதுக்கு வரும்போதெல்லாம் முள்வேலிக்கு வெளியே கிடந்த கற்கள்தான் நினைவுக்கு வரும். ஒருத்தியின் வாழ்க்கையை நான் மறைத்த ஒரு குவியலின் மேல் கட்டி வைத்திருக்கிறேன் என்று நினைப்பேன்.

பிறகு, தொண்ணூற்று ஐந்து சித்திரையில், அமெரிக்கப் பக்கம் பஃபலோ எல்லையில் இருந்து வதனிக்கு ஒரு தொலைபேசி. சிவபாலன். உயிரோடு.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை அழைத்தார்கள். படத்தில் இருந்தவன்தான், பாதியாக இருந்தான். வதனியின் தொலைபேசி இலக்கம் ஏஜென்டின் பையோடு போய்விட்டதால், மொம்பாசாவில் ஒரு குஜராத்திக்காரரின் இரும்புக் கடையில் வேலை செய்து, வேறு ஏஜென்ட் பிடித்து, ஐந்து நாடு சுற்றி வந்திருந்தான். பஃபலோவில் சந்தித்த ஒரு தமிழர் மூலம்தான் அந்த இலக்கம் மறுபடி கிடைத்ததாம். வதனி நண்டுக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே என்னைக் காட்டினாள்.

"இவர்தான் உங்களைத் தேடி அந்த மாசாய்க் கிராமம் மட்டும் போன பாஸ்கரன் அண்ணை."

சிவபாலன் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"இந்தப் பேரில அங்க ஒருத்தர் வந்தவர் அண்ணை," என்றான். "நான் கிடக்கேக்க. தொண்ணூற்று ரெண்டு மார்கழி. வதனி அனுப்பினவ, உம்மைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான், பேர் பாஸ்கரன் எண்டார். எங்கட தமிழ். எனக்கெண்டால் கடவுளே வந்தமாதிரி."

"விசர்க்கதை," என்றாள் வதனி. "நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை. தொண்ணூற்று ரெண்டில எனக்கு இவரைத் தெரியவே தெரியாது."

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். வந்த அண்டைக்கே அவருக்குக் காய்ச்சல். அடுப்புக்கு மற்றப் பக்கம் கிடந்தவர். மூண்டாம் நாள் முடிஞ்சுது."

"ஆள் எப்பிடி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே ஒழுங்காகத்தான் கேட்டது.

"முகம் நினைவில்லை அண்ணை. அது இருட்டு வீடு, எனக்கும் நெருப்பாக் காயுது. அவங்கள் பிரேதத்தைத் தொடமாட்டாங்கள், பத்தைக்குள்ள விடப்பாத்தாங்கள். எங்கட ஆளை அப்பிடி விடக்கூடாதெண்டு நான்தான் வேலிக்கு வெளியில இழுத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டிக் கல்லால மூடினனான். ரெண்டு வாளித் தண்ணி. முகத்தைப் பாக்கப் பயந்து காலைத்தான் பாத்துக்கொண்டு கழுவினனான். அதாலை கால் மட்டும் வடிவா நினைவிருக்கு. இடது கால்ல கடைசி ரெண்டு விரலும் ஒட்டினபடி. ஒரு நகந்தான் ரெண்டுக்கும். உங்கட சொந்தத்துக்குள்ள அப்பிடி ஆரும் இருந்தவையோ அண்ணை? வீட்டாக்களுக்குச் சொல்லவேணும், பாவம்."

"இல்லை," என்றேன்.

சித்திரை மாதமும் இங்கே குளிர்தான். தடித்த காலுறை போட்டிருந்தேன். கதிரைக்குக் கீழே காலை இழுத்து வைத்துக்கொண்டேன். பிறந்ததில் இருந்து என் இடது கால் அப்படித்தான். அது தெரிந்தவர் அம்மா ஒருவர்தான், அவர் எண்பத்தேழில் செத்துப்போனார். வெறுங்காலை யாருக்கும் காட்டாமல் வளர்ந்தவன் நான், கோயில் வாசலில்கூடக் காலுறையோடு நின்று கும்பிட்டுவிட்டு வருகிறவன்.

சிவபாலனும் வதனியும் பிறகு ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். கோடையில் பின்வளவில் இறைச்சி வாட்டி எல்லோரையும் கூப்பிடுவார்கள். எல்லோரும் புல்லில் வெறுங்காலோடு நிற்பார்கள், நான் சப்பாத்தோடு நிற்பேன். "கழட்டுங்கோவன் அண்ணை, என்ன வெள்ளைக்காரனோ நீங்கள்?" என்று சிவபாலன் ஒவ்வொரு முறையும் பகிடி விடுவான்.

போன கோடையில் அவன் அதைச் சொல்லவில்லை. கையில் பிடித்த தட்டோடு, என் இடது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு உள்ளே போய், நான் புறப்படும் வரைக்கும் வெளியே வரவில்லை.